என் வீட்டில் வசிக்கிறாள் என்று ஒரு வரி

புது நாட்டில் வங்கிக் கணக்கு தொடங்க என்னென்ன வேண்டும் என்று என்னைக் கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பாஸ்போர்ட் வேண்டும். வேலை கொடுத்தவர் கடிதம் வேண்டும். இதெல்லாம் இருந்தாலும், நீங்கள் ஒரு வீட்டில் வசிக்கிறீர்கள் என்பதற்குக் காகிதம் வேண்டும். சொந்த வீடோ வாடகை வீடோ இல்லையென்றால், நீங்கள் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், "இன்னார் என் வீட்டில் வசிக்கிறார்" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சு நின்றது.

காரைக்காலில் எங்கள் வீடு தலத்தெருவில் இருந்தது. அப்பா சொல்தா. பிரஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கினவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் பிறக்கும்போதே பிரஞ்சு நேஷனாலிட்டி. அண்ணன் எனக்குப் பதினொரு வயது மூத்தவர். இருபது வயதிலேயே பாரிஸ் பக்கம் போய்விட்டார். எனக்கு அந்த ஊர் ஆசை கிடையாது. உள்ளூரிலேயே கல்யாணம், ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, ஒரு பெண் குழந்தை. பாஸ்போர்ட் அலமாரியில் பட்டுப்புடவைக்கு அடியில் சும்மா கிடந்தது.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். அம்மா காரியத்துக்கு வந்த அண்ணன், திரும்பிப் போவதற்கு முன்னால் என்னைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போனார். வீட்டில் எனக்கு உள்ள பாகத்தை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம். ஊரில் எல்லாத் தங்கச்சிகளும் போடுகிற கையெழுத்துதான். போட்டதும் அண்ணன் தாம்பாளத்தில் புடவை வைத்து, பூ பழம் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பார், நாம் விழுந்து கும்பிட்டு வாங்கிக்கொள்வோம்.

பத்திரம் எழுதுகிறவர் நல்ல மனுஷர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"படிச்சுப் பாத்தீங்களாம்மா?"

"அண்ணன் படிச்சிருப்பாருங்க" என்றேன்.

ஐந்து இடத்தில் கையெழுத்து. வெளியே வந்ததும் அண்ணன் என் தலையில் கை வைத்து, "பாப்பா, என்னைக்கும் உனக்கு நான் இருக்கேன்" என்றார். ஐம்பது வயதானாலும் நான் அவருக்குப் பாப்பாதான். தாம்பாளத்தில் வந்தது மயில்கழுத்து நிறப் பட்டு. அதைக் கட்டிக்கொண்டு அன்றைக்குத் தெருவெல்லாம் பெருமையடித்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

தலத்தெரு வீடு அடுத்த வருஷமே விலை போயிற்று. அந்தப் பணத்தில் அண்ணன் பாரிஸ் பக்கத்து ஊர் ஒன்றில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு வாங்கினார். அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. நல்லா இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

பிறகு என் வீட்டுக்காரர் திடீரென்று போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடச் சம்பளம் மளிகைக்கே பற்றாது. மகள் அப்போது ஒன்பதாவது. அண்ணன் போனில் அழுதுகொண்டே, "பாப்பா, கிளம்பி வந்துடு. இங்க வேலை இருக்கு. உன் பொண்ணையும் அப்பறம் கூட்டிக்கலாம்" என்றார். மகளைத் திருமலைராயன்பட்டினத்தில் என் நாத்தனார் வீட்டில் விட்டேன். பஸ் ஏறும்போது அவள் அழவில்லை. "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள என்னைக் கூப்டுக்குவீங்கதானே?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஊரில் பள்ளிக்கூடம் செப்டம்பரில் திறக்கும். ஆறு மாசம் இருந்தது. "கண்டிப்பா" என்றேன்.

அண்ணன் வீட்டில் கூடத்து சோபாதான் எனக்குப் படுக்கை. காலையில் எழுந்து போர்வையை மடித்து அலமாரிக்குள் வைத்துவிடுவேன், நான் படுத்த சுவடே தெரியாது. சமையல், பாத்திரம், வீடு துடைப்பது எல்லாம் நான்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. பொழுதும் போக வேண்டுமே. மூன்றாவது மாதம் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. கேரட் சீவவும் தட்டு அடுக்கவும். டீச்சராக இருந்தவள்தான், அதனால் என்ன? சம்பளம் வந்தால் ஒரு அறை எடுக்கலாம், அறை இருந்தால் மகள் வரலாம். அவளுக்குப் பாஸ்போர்ட்கூட வந்தாயிற்று.

சம்பளத்தைக் கையில் தர மாட்டார்களாம், வங்கியில்தான் போடுவார்களாம். கணக்கு எண் உள்ள காகிதத்தை மாதக் கடைசிக்குள் கொண்டு வா என்றார்கள். வங்கிக்குப் போனேன். அங்கே இருந்த பெண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எங்கே வசிக்கிறாய் என்று கேட்டாள். அண்ணன் வீட்டில் என்றேன். "அப்ப சுலபம்" என்று சிரித்து, ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். அச்சடித்த தாள். அண்ணன் பெயர், என் பெயர், விலாசம் நிரப்பிக் கீழே அவர் கையெழுத்து. கூடவே அவருடைய கரண்ட் பில் நகல் ஒன்று. அவ்வளவுதான். நான் துள்ளிக் குதித்து வீட்டுக்கு வந்தேன்.

அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். மேலே ஒருதரம், கீழே ஒருதரம். பிறகு மேஜையில் வைத்துவிட்டு, "பாக்கறேன்" என்றார்.

பாக்கறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு நாள் கழித்துக் கேட்டேன். "பேனா எடுத்து ஒரு கையெழுத்துதானே அண்ணே, மாசம் முடியப்போவுது."

அண்ணிதான் சமையலறையிலிருந்து பதில் சொன்னாள்.

"எழுத்துல குடுக்கறதெல்லாம் யோசிச்சுத்தான் குடுக்கணும். இந்த ஊர் சட்டம் ஒனக்குத் தெரியாது. இங்கதான் குடியிருக்கான்னு எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு நீ பாத்தியதை கேட்டா?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது காது இரண்டும் அடைத்துப்போயிற்று. எங்கள் ஊரில் வாயால் எதை வேண்டுமானாலும் கொடுப்பார்கள். சாப்பிட்டுப் போ, தங்கிப் போ, இது உன் வீடு. எழுதிக் கொடு என்று சொல்லிப் பாருங்கள், முகமே வேறாகிவிடும். எழுதிக் கொடுத்தால் பங்கு கொடுத்த மாதிரி என்று ரத்தத்திலேயே ஊறிப்போயிருக்கிறது. கடல் தாண்டி முப்பது வருஷம் வாழ்ந்த பிறகும் அது அவர்களை விடவில்லை. அது வெறும் தங்கல் சீட்டு, அதை வைத்துக்கொண்டு ஒரு செங்கல்லைக்கூட யாரும் கேட்க முடியாது என்று வங்கிப் பெண்ணே சொன்னாள். நானும் சொன்னேன். படித்த மனுஷர், முப்பது வருஷமாக அந்தப் பாஷையில் வேலை பார்த்தவர், அவருக்குத் தெரியாதா?

தெரியும். ஆனால் அந்த வீட்டுச் சுவருக்குள் தலத்தெரு வீடு இருக்கிறதே. அதில் பாதி யாருடையது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பயம்தான்.

"ஏன் அண்ணே, நான் அஞ்சு எடத்துல போட்டேனே, ஒரு வார்த்தை படிச்சனா?" என்று கேட்டேன். என் குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "அது வேற, இது வேற பாப்பா" என்றார்.

என்ன வேறு? இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

முதியோர் இல்லத்தில் கூட வேலை பார்த்த ஒரு பெண் வழி சொன்னாள். வீடே இல்லாதவர்களுக்கு அந்த ஊர் மேரி, அதாவது நகராட்சி, ஒரு விலாசம் கொடுக்குமாம். அந்த விலாசத்துக்குக் கடிதம் வரும், அதைக் காட்டி வங்கிக் கணக்கும் தொடங்கலாம். போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் தன் சாமான் எல்லாவற்றையும் இரண்டு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார். ரயிலடியில் படுப்பவர். நான் இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் அண்ணி சொன்ன காய்கறிப் பட்டியலோடு நின்றேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா என் வயதுக்காரி. எங்கே படுக்கிறாய் என்று கேட்டாள்.

"என் அண்ணன் வீட்டில்."

"அண்ணன் எழுதித் தருவாரே?"

"தரமாட்டார்."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்படியென்றால் எங்கள் கணக்குப்படி உனக்கு வீடு இல்லை" என்று மெதுவாகச் சொன்னாள். வையவில்லை, இளக்காரம் இல்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்போதுதான் நான் அழுகிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

நிலையான வீடு இல்லாதவள் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். சொல்தா மகள். தலத்தெருவில் பின்கட்டும் கிணறும் தென்னைமரமும் இருந்த வீட்டில் பிறந்தவள். என் கூடப்பிறந்தவர் மூன்றாவது மாடியில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் காகிதத்தில் தெருவில் நின்றேன்.

கணக்கு தொடங்கியது. கணக்கு எண் உள்ள தாளை மேஜையில் வைத்தபோது, அதிலிருந்த மேரி விலாசத்தை அண்ணன் படித்துவிட்டார். முகம் சுண்டிப்போயிற்று. "இப்படி வெளியில போயி... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"எத்தனை வார்த்தை அண்ணே சொல்லணும்?"

அண்ணி, "நம்ம பேரைக் கெடுக்கறதுக்குன்னே செஞ்சிருக்கா" என்றாள். முதல் சம்பளம் வந்த வாரமே ஒரு அறை பார்த்துப் போய்விட்டேன். ஜன்னல் சரியாகச் சாத்தாத அறை. வாசல்வரை வந்த அண்ணன் என் பெட்டியைத் தூக்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

மகள் செப்டம்பரில் வந்து சேர்ந்தாள், சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். படித்தாள், வேலைக்குப் போனாள், அங்கேயே தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். அண்ணி இறந்தபோது போய் ஒரு மாலை போட்டுவிட்டு வந்தேன், பேசவில்லை. எனக்கு முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் போனதும் வேலையை விட்டு ஊருக்கே திரும்பினேன். சேர்த்து வைத்ததில் தலத்தெருவிலேயே சின்னதாக ஒரு வீடு வாங்கினேன். பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது இரண்டு மாடிக் கட்டடம். காய்கறிக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கக் கற்றுக்கொண்டேன்.

போன வருஷம் ஆடி மாதம் வங்கிக்குப் போயிருந்தேன். அங்கே வேலை செய்யும் பெண் என் பழைய மாணவி. என்னைப் பார்த்ததும் கூப்பிட்டாள்.

"டீச்சர், உங்க அண்ணன் வந்திருந்தாருங்க. ஊரோட வந்துட்டாராமே? கணக்கு தொடங்கணும், பென்ஷன் இங்க வரணும்னாரு. இங்க எங்க தங்கியிருக்காருங்கறதுக்கு ஒரு காகிதமும் இல்ல டீச்சர். உங்க வீட்டு வரி ரசீதும், எங்க வீட்லதான் இருக்காருன்னு நீங்க ஒரு கையெழுத்தும் குடுத்தா போதும்."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ஊருக்கு வந்ததே எனக்குத் தெரியாது. "நான்தான் தங்கச்சின்னு சொன்னாரா?" என்று கேட்டேன்.

"நான்தான் டீச்சர் கேட்டேன், எங்க டீச்சருக்கு நீங்க அண்ணன்தானே ஆகணும்னு. ஆமான்னாரு. தங்கச்சிகிட்ட வாங்கிட்டு வாங்கன்னேன். பாக்கறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

பாக்கறேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. விசாரித்ததில், மாதா கோயில் வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் மாத வாடகைக்கு இருந்தார். பாரிஸ் வீடு கடைசியில் அண்ணியின் தம்பி பேருக்குப் போய்விட்டதாம். எப்படி என்று நான் கேட்கவில்லை. யார் யாருக்கு எதை எழுதிக் கொடுக்கிறார்கள் பாருங்கள்!

அன்றைக்கே வரி ரசீதை நகல் எடுத்தேன். ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். இவர் என் அண்ணன், என் வீட்டில் வசிக்கிறார். தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வந்து கேட்கட்டும், அடுத்த நொடி கொடுத்துவிடுவேன். ஆனால் கேட்க வேண்டும். வாயைத் திறந்து, பாப்பா, ஒரு கையெழுத்துப் போடு என்று கேட்க வேண்டும். நான் எத்தனை தடவை கேட்டேன்? அவர் ஒரு தடவை கேட்டால் குறைந்தா போவார்? இதுதான் என் புத்தி. பிடித்தால் விட மாட்டேன்.

தினமும் வாசலைப் பார்த்தேன். அவர் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து மீன் மார்க்கெட்டில் பார்த்தேன். ஒரு கூடைக்காரி முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மெலிந்து, சட்டை தோளில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார். பிறகு எதுவுமே நடக்காதது போல், "கொடுவா நல்லாருக்கு பாரு, பாப்பா" என்றார்.

லாட்ஜில் இருப்பவருக்குக் கொடுவா எதற்கு? அடுப்பு ஏது, சட்டி ஏது? சும்மா பார்க்கத்தான் வந்திருக்கிறார். அம்மா வைக்கிற கொடுவாக் குழம்பு என்றால் அவருக்கு உயிர். அந்தக் கைப்பக்குவம் எனக்கு வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"ம்" என்றேன்.

"முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு."

அவர் என் கைப்பையைப் பார்த்தாரா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. உதடு ஏதோ சொல்ல வருவது போல் அசைந்தது. நான் காத்திருந்தேன். காகிதம் பைக்குள் இருக்கிறது, ஒரு சாண் தூரம். "சரி, வெயிலா இருக்கு, நீ போ" என்றார். நானும் போய்விட்டேன். மீனை வாங்கிக்கொண்டுதான் போனேன். குழம்பு வைத்து, ஒரு வாய் வைத்தேன், இறங்கவில்லை. வாங்க, சாப்பிட்டுப் போங்க என்று வேற்று மனுஷருக்குக்கூடச் சொல்வோமே. பாவி, எனக்கு அந்த வார்த்தை வரவில்லையே!

அப்புறம் வங்கிக்குப் போனபோது மாணவி சொன்னாள், கணக்கு தொடங்கியாயிற்று என்று. லாட்ஜ்காரர் எழுதிக் கொடுத்தாராம், இன்னார் எங்கள் லாட்ஜில் வசிக்கிறார் என்று. பிறந்த ஊரில், கூடப்பிறந்தவள் வீடு நாலு தெரு தள்ளி இருக்கும்போது, லாட்ஜ் விலாசத்தில் கணக்கு. நான் அவள் முன்னால் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தைக் கிழிக்கப் போனேன், கை வரவில்லை. மறுபடி பைக்குள்ளேயே வைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் லாட்ஜ்காரர் போன் செய்தார். "அம்மா, ஐயா கதவத் தொறக்கலைங்க. ஒடச்சுத்தான் தொறந்தோம். நீங்க கொஞ்சம் வாங்க."

போனேன். படுத்தவாக்கிலேயே போயிருந்தார். போர்வையைக் காலடியில் ஒழுங்காக மடித்து வைத்திருந்தார். மேஜையில் மூக்குக் கண்ணாடி, மாத்திரை, வங்கிப் பாஸ்புக். அதன் முதல் பக்கத்தில் லாட்ஜ் விலாசம். நாமினி என்ற இடத்தில் என் பெயர்.

"என் நம்பர் உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று லாட்ஜ்காரரைக் கேட்டேன்.

"மொத நாளே எழுதிக் குடுத்தாருங்க. ஏதாச்சும்னா தங்கச்சிக்குச் சொல்லுங்க, வேற யாரும் இல்லைன்னாரு. நாங்கூடக் கேட்டேன், தங்கச்சி ஊருக்குள்ளயே இருக்கும்போது இங்க ஏங்க தங்குறீங்கன்னு. எந்த மொகத்தோட கேக்கறதுன்னாருங்க."

நான் அவர் காலடியில் உட்கார்ந்து, மார்க்கெட்டில் சொல்லாததையெல்லாம் சொல்லி அழுதேன். வாங்கண்ணே, சாப்பிட்டுப் போங்கண்ணே என்று. அதற்குள் லாட்ஜ்காரர் தெருவில் போய் வண்டிக்குச் சொல்லியிருந்தார். நேராகச் சுடுகாட்டுக்கா என்று கேட்டார். "இல்லைங்க, என் வீட்டுக்கு" என்றேன். அப்படித்தான் என் அண்ணன் என் வீட்டுக்கு முதல் தடவையாக வந்தார்.

பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். மூன்றாம் நாள் டாக்டர் கொடுத்த காகிதத்தோடு நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்தவர் படிவத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நிரப்பினார். பெயர், வயது, அப்பா பெயர், அம்மா பெயர்.

"எறந்த எடம் லாட்ஜுன்னு இருக்கு, சரி. எறந்தவரோட நிரந்தர விலாசம் சொல்லுங்கம்மா."

நான் என் வீட்டுக் கதவு எண்ணைச் சொன்னேன். தலத்தெரு என்றேன்.

"அது உங்க வெலாசமாச்சே. அவரு உங்க வீட்லதான் இருந்தாருங்களா?"

"ஆமாங்க. என் வீட்லதான் இருந்தாரு."

அதற்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். கைப்பையைத் திறந்து, நான்காக மடித்ததை எடுத்து நீட்டினேன். மடிப்பு நைந்துபோயிருந்தது. அவர் பிரித்துப் படித்தார், தேதியைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் படிவத்தோடு சேர்த்துக் குத்தினார். பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடுங்கம்மா என்றார். போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.